பஸ் செயலிக்கு வந்த பரிசு

திருமானூரிலிருந்து அரியலூர் ஆபீசுக்கு தினமும் பஸ்ஸில் போகிறவன் நான். எந்த பஸ் எங்கே வருகிறது என்று பயணிகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள ஒரு செல்போன் செயலி எழுதினேன். இலவசம். நிரலையும் திறந்தே வைத்தேன். யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

"இதுக்குப் பேரு திறந்த மூலம்" என்றேன் மனைவி மலர்க்கொடியிடம்.

"மூலத்தையெல்லாமா ஊருக்குத் திறந்து காட்டுவாங்க?"

ஊர் உருகிவிடும் என்று நம்பி நன்கொடைப் பொத்தானும் வைத்தேன். கொடை வரவில்லை, குடைச்சல்தான் வந்தது. மீன்சுருட்டி பஸ்ஸைக் காணோம் என்று என்னைத் திட்டினார்கள்.

"சும்மா குடுன்னா யாருங்க குடுப்பா? இன்ன வசதி வேணும், இவ்வளவு பரிசுன்னு கேக்கறவங்களையே பணம் போடச் சொல்லுங்க" என்றாள்.

"நான் என்ன கூலிக்காரனா? இது தொண்டு."

"தொண்டு செய்யறவரு அந்தப் பொத்தானை ஏன் மணிக்கொரு தரம் பாக்கறீங்க?"

அன்றே பரிசுப் பகுதி திறந்தேன். மறுநாளே இரண்டாயிரம் ரூபாய் போட்டிருந்தார் ஒருவர். பெயர், 'கவலைப்படும் குடும்பத்தலைவி'. பஸ்ஸில் போகிறவர் எங்கே இறங்கினார் என்று வீட்டுக்குத் தகவல் போகவேண்டுமாம். கல்லூரிக்குப் போகும் மகளுக்காக இருக்கும் என்று நெஞ்சு நெகிழ்ந்து, தூக்கம் கெட்டு எழுதி வெளியிட்டேன். என் போனில் சோதித்தபோது வீட்டு எண்ணாக மலர்க்கொடி எண்ணைத்தான் போட்டேன். வேறு எண் எனக்கு மனப்பாடம் இல்லை. போட்டதை மறந்தும் போனேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் காலை வைத்தேன்.

"கீழப்பழுவூர்ல பரோட்டா நல்லாருந்துச்சா?"

"ஆபீஸ்ல கொஞ்சம் லேட்டு..."

"நடுவுல எறங்கி, அடுத்த பஸ்ல ஏறியிருக்கீங்க. ஒடம்புல சக்கரைய வச்சுக்கிட்டு."

"யாரு சொன்னா?"

"நீங்க எழுதினதுதான் சொல்லுச்சு." போனை நீட்டினாள்.

எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. "அப்ப அந்தக் கவலைப்படும் குடும்பத்தலைவி?"

"நாந்தாங்க."

"ரெண்டாயிரம் ஏது?"

"உங்க போனஸ்தான்."

அந்த வசதியையே எடுத்துவிடலாம் என்று வாசலுக்கு வந்து செயலியைத் திறந்தேன். முதல் முறையாக நன்கொடை வந்து கிடந்தது. பாப்பாத்தி, பாக்யலட்சுமி, பக்கத்து வீட்டுக் கண்ணகி. அத்தனை பேரும் பெண்கள்.

கண்ணகியின் கணவர் அண்ணாதுரை சுவருக்கு மேலே தலையை நீட்டினார். முகம் வாடியிருந்தது.

"தம்பி, அதை எடுத்துடுப்பா. மூவாயிரம் பரிசு போடறேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எடுக்காம இருக்க நான் ஆறாயிரம் போடறேன்னு அண்ணங்கிட்ட சொல்லுங்க."

அந்த ஆறாயிரமும் என் சம்பளத்தில்தான்.