விஜயாவின் சுருள்களும் வைத்தாவின் முழுக்கும்

தார்நாகா, ஹைதராபாத்
திங்கட்கிழமை

கும்பகோணத்தில் குடும்பத்துக்கே பெரியவராக இருக்கும் சீதாராமன் அண்ணா அவர்களுக்கு, சித்தப்பா பிள்ளை பத்ரிநாராயணன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நான், விஜயா, விஜயாவின் தலை ஆகிய மூவரும் சௌக்கியம். மூன்றாவதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே நீங்களும் மன்னியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது இவன் ஏன் கூரியரில் கடிதம் அனுப்புகிறான் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போடுவீர்கள். வாட்ஸப்பில் எழுதினால் குடும்பக் குழுவில் விஜயாவும் படிப்பாள். இது நீங்கள் மட்டும், முடிந்தால் கதவைச் சாத்திக்கொண்டு, படிக்க வேண்டிய விஷயம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் போன் செய்து, தஞ்சாவூர் வைத்தா காலமான செய்தியைச் சொல்லி, "தூரத்துத் தாயாதிதான், ஒரு முழுக்கோட போயிடும், ரெண்டு பேரும் உடனே தலைக்குக் குளிச்சுடுங்கோ" என்றீர்கள். அப்புறம் மறுபடி கூப்பிட்டு, "முழுகியாச்சோன்னோ?" என்று கேட்டீர்கள். நான் "ம்" என்றேன். அது பாதிதான் உண்மை அண்ணா. நான் முழுகினேன், விஜயா முழுகவில்லை. அவளிடம் செய்தியையே நான் சொல்லவில்லை. ஏன் என்று சொல்லப் புகுந்தால் கொஞ்சம் நீளும், ஒரு டம்ளர் காபியை வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வருஷம் விஜயாவுக்கு விஷக்காய்ச்சல் வந்தது உங்களுக்குத் தெரியும். காய்ச்சல் போனது, போகும்போது அவள் முடியில் பாதியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வகிடு என்பது ஒரு கோடு போய் ஒரு பாதை ஆயிற்று. அதற்கப்புறம் அவள் கல்யாணத்துக்குப் போவதில்லை, காட்சிக்குப் போவதில்லை. லிப்டில் யாராவது பின்னால் நின்றால் இறங்கி மாடிப்படியில் வருவாள். அல்வாலில் அவள் கணக்கு டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் அவளை மேடையேற்றி மரியாதை செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இவள் முதுகுவலி, மூட்டுவலி என்று சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள். என்னிடம் மட்டும் ஒரு நாள், "மேடையில உக்காந்தா பின்னாடி நிக்கறவாளுக்கெல்லாம் என் மண்டைதான் தெரியும். நான் வரலைன்னு சொல்லிடுங்கோ" என்றாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே பின் பெஞ்சில் பேசுகிறவனைப் பெயர் சொல்லிப் பிடித்தவள் அண்ணா இவள். அவளுக்கு முதுகைக் காட்டப் பயம் வந்துவிட்டது. கடைசியில் இந்த ஞாயிற்றுக்கிழமை விழா என்று அவர்களே நாள் வைத்து, பந்தலுக்கும் சொல்லிவிட்டார்கள்.

இந்த இடத்தில் நஸ்ரின் வருகிறாள். பூர்விகம் ஆம்பூர், பிறந்து வளர்ந்தது செகந்திராபாத். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கான பார்லர் வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்திருந்த எங்கள் பெண் சாஹித்யா போய் யோசனை கேட்டாளாம். "ஆன்ட்டிக்கு பெர்ம் பண்ணா முடி தூக்கி நிக்கும், மண்டை தெரியாது. டென்ஷன் நக்கோ" என்றாளாம். நக்கோ என்றால் இந்த ஊரில் வேண்டாம் என்று. பெர்ம் என்றால் நேரான முடியை மருந்து போட்டு நிரந்தரமாகச் சுருள வைப்பது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மருந்து என்ன செய்கிறது என்று படித்துப் பார்த்தேன், அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் வரவில்லை. பயத்தினால் இல்லை அண்ணா, பிரமிப்பினால். காஞ்சன்பாக் ஆய்வகத்தில் என் உத்தியோகம் முழுக்க ரப்பரோடு போயிற்று. ஒரு கருவியின் மூடிக்கு வேண்டிய ரப்பர் வளையம் செய்வது என் வேலை. என்ன கருவி என்று அப்போதும் சொன்னதில்லை, இப்போதும் சொல்ல மாட்டேன். ரப்பர் கெட்டிப்பட வேண்டுமானால் உள்ளே கந்தகம் கை கோத்துக்கொள்ள வேண்டும். தலைமுடியிலும் அதே கந்தகம்தான், அதே கை கோத்தல்தான். ஒரு மருந்து கையை விலக்குகிறது, முடியை ராடு என்ற சின்னக் குழலில் சுற்றுகிறார்கள், இன்னொரு மருந்து புது வளைவில் கையைச் சேர்த்துவிடுகிறது. நாங்கள் பெரிய அடுப்பும் அழுத்தமும் கமிட்டியும் வைத்துக்கொண்டு செய்ததை, இந்தப் பெண் ஒரு துண்டும் நாலு கிளிப்பும் வைத்துக்கொண்டு, சினிமாப் பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்கிறாள்.

ஆனாலும் பரிசோதிக்காமல் ஒரு வளையத்தைக்கூட நான் மூடியில் பொருத்த விட்டதில்லை, சொந்தப் பெண்டாட்டி தலையில் விடுவேனா? முதலில் எங்கள் கட்டடத்திலேயே பெர்ம் செய்துகொண்டவர்களைக் கவனித்தேன். மூன்றாம் மாடி புஷ்பாவுடையது சூடு இல்லாமல் மருந்தாலேயே செய்யும் கோல்டு பெர்ம், சின்ன ராடு, நெருக்கமான சுருள். ஸ்கூட்டர் ஹெல்மெட்டை அவர் தலையில் அமுக்கினால் அது மெதுவாக மேலே வரும். எதிர் வீட்டு பூர்ணாவுடையது டிஜிட்டல் பெர்ம், சூடான ராடு, பெரிய பெரிய அலை. ஒரு நாள் இருவரும் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது இந்த ஊர் வழக்கப்படி சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. நான் படிக்கட்டு வாசலில் நின்று பார்த்தேன். ஒரே மழை அண்ணா. புஷ்பாவின் தலை நனைய நனைய இன்னும் இறுகிச் சுருண்டது. பூர்ணாவின் தலை நனைய நனைய நேராகித் தொங்கியது. ஒன்று தண்ணீரில் சுருளும், ஒன்று காய்ந்தால் சுருளும் என்று படித்திருந்தேன். படிப்பது வேறு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வேறு. நான் மெய்ம்மறந்து நின்றதில் இருவரும் நனைந்த துணியோடு என்னைத் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை. "உங்காத்து மாமா எங்க தலையவே பாத்துண்டு நின்னார்" என்று புஷ்பா வந்து சொல்ல, அன்றைக்கு விஜயா என்னோடு பேசவில்லை.

நஸ்ரினுடையது ஸ்பைரல், நீள முடியை ராடில் சரிவாகச் சுற்றுவது, உச்சியிலிருந்து நுனிவரை ஒரே சுருளாக இறங்கும். அதைப் பார்த்தால் நம்மூர்க் கோவில் தேர் வடம் ஞாபகம் வந்தது. விஜயாவின் மெல்லிய முடிக்கு இவை எதுவும் தாங்காது என்று நஸ்ரினும் சொன்னாள், நானும் சொன்னேன். அவளுக்கு ரூட் பெர்ம். அடிமுடியை மட்டும் தூக்கி நிறுத்துவது, காரம் குறைந்த மருந்து, நுனியில் லேசான அலை. அதையும் விடாமல், சீப்பில் உதிர்ந்த விஜயாவின் முடிகளைச் சேர்த்து, பாதியை நஸ்ரினின் மருந்தில் நனைத்துக் காயவைத்து, துணிக்கொடியில் கட்டி, ஒவ்வொன்றிலும் ஊக்கு ஊக்காக மாட்டி எது முதலில் அறுகிறது என்று பார்த்தேன். வேலைக்கு வரும் அம்மாள் அதைப் பார்த்துவிட்டு யாரோ ஏவல் வைத்திருக்கிறார்கள் என்று பால்கனிப் பக்கமே பெருக்கவில்லை. மருந்து பட்ட முடி முதலில் அறுந்துவிடவில்லை. நானே பெர்முக்குக் கையெழுத்துப் போட்ட மாதிரி தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விஜயாவை அழைத்துக்கொண்டு போனேன். உள்ளே போகலாம் என்று பார்த்தால் சாஹித்யா, "நான்னா, நுவ்வு பயட்டே கூர்ச்சோ", அப்பா நீ வெளியிலேயே உட்கார், என்று நாற்காலியை வாசலுக்கு வெளியே தள்ளிப் போட்டாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். வெளியே உட்கார்ந்து கதவிடுக்கில் வந்த மருந்து வாசனையை வைத்தே உள்ளே எந்தக் கட்டம் நடக்கிறது என்று கணித்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. விஜயா வந்தாள். வகிடு இல்லை, பாதை இல்லை. நெற்றிக்கு மேலே முடி ஒரு மூச்சு வாங்கி எழுந்து நின்றது. காதுப் பக்கம் வந்து லேசாக வளைந்து உட்கார்ந்தது. அவள் என்னைப் பார்த்து, "என்ன, பரிட்சை பாஸா?" என்றாள். நான் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றேன். பெண் பார்க்க வந்த அன்றுகூட நான் எழுந்து நிற்கவில்லை என்று அவள் ரொம்ப நாளாகச் சொல்லிக் காட்டுவாள்.

நஸ்ரின் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அங்கிள், ரெண்டு நாளு தலையில ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. பட்டுச்சுன்னா எல்லாம் படுத்துக்கும், அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது, ஹவ்?" நான் ஹவ் என்றேன், ஆகட்டும் என்று. வீட்டுக்கு வந்து, விஜயா கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு நிற்கிறாள், அப்போது உங்கள் போன் வருகிறது. முழுக்கு. நீங்களே சொல்லுங்கள், அந்த நேரத்தில் நான் என்ன செய்வேன்? வைத்தாவை நான் ஒரு பூணூல் கல்யாணத்தில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவரும் என்னை வேறு யாரோ என்று நினைத்துப் பேசிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை அல்வாலில் ஒரு பள்ளிக்கூடமே காத்திருக்கிறது. தலை படுத்துவிட்டால் இவள் கதவைச் சாத்திக்கொள்வாள், அப்புறம் எப்போதும் திறக்க மாட்டாள். "யாரு போன்ல?" என்றாள். "இன்ஷூரன்ஸ்காரன்" என்றேன். உங்களை அப்படிச் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும். நான் மட்டும் போய் முழுகிவிட்டு வந்தேன். "என்ன இது, அகால வேளையில ஸ்நானம்?" என்றாள். மருந்து வாசனை போகவில்லை என்றேன். சிரித்தாள்.

அதற்கப்புறம் பட்ட பாட்டை எழுதி மாளாது. அவள் போனை "சார்ஜ் போடுகிறேன்" என்று வாங்கி, குடும்பக் குழுவில் வந்த இரங்கல்களையெல்லாம் அவள் கண்ணில் படாமல் மறைத்தேன். குக்கர் ஆவி தலையில் அடிக்கும் என்று அவளைச் சமையலறைக்குள் விடவில்லை, நானே உப்புமா கிண்டினேன், இரண்டு வேளையும் அதுதான். பால்கனிக்குப் போனாலும் பின்னாலேயே குடையோடு போனேன். மேல் வீட்டில் செடிக்குத் தண்ணீர் விடுவார்கள். சனிக்கிழமை பெருமாள் கோவிலுக்குக் கிளம்பினாள். தீட்டோடு கோவிலுக்கு அனுப்பினால் அந்தப் பாவம் வேறு, அனுப்பினால் தீர்த்தம் வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தை உச்சியில் தடவிக்கொள்வாள், அந்த ஆபத்து வேறு. கால் சுளுக்கிக்கொண்டது என்று சொல்லி சோபாவில் படுத்துவிட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தைலம் தேய்த்தாள். எந்தக் கால் என்று இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் வேறு வேறு காலைக் காட்டிவிட்டேன் போலிருக்கிறது, அவள் இரண்டிலும் தேய்த்துவிட்டாள்.

நேற்று விழா. அண்ணா, நான் முன் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். மேடையில் இவள். மாலை போடும்போது தலையைக் குனிந்தாள், எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நாலு பேர் முன்னால் தலையைக் குனிந்தாள். உமேஷ் என்று ஒரு பையன், பையன் என்ன, அவனுக்கே வழுக்கை, கணக்கில் எப்போதும் தவறுபவனாம், மைக்கைப் பிடித்து, "டீச்சர், மீரு அலாகே உன்னாரு" என்றான். நீங்கள் அப்படியே இருக்கிறீர்கள் என்று. அப்புறம் அவர்கள் மேடையில் ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து வைத்து, ஒரு கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். விஜயா எழுந்து, கூட்டம் முழுவதற்கும் முதுகைக் காட்டி நின்று, சாக்பீஸை எடுத்துப் பாதி எழுதி, திரும்பாமலே, "உமேஷ், பேச்சை நிறுத்து" என்றாள். பந்தலே எழுந்து கைதட்டிற்று. நான் அழுதுவிட்டேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வாழ்க்கை முழுக்க ரப்பர் வளையம் செய்தவன், கந்தகம் இப்படி ஒரு காரியம் செய்யும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை.

ஆகையால் தங்களிடம் வேண்டிக்கொள்வது இரண்டு. ஒன்று, இந்தக் கடிதம் கிடைத்ததும் விஜயாவுக்குப் போன் செய்து, வைத்தா இப்போதுதான் போனது போலத் துக்கமாகச் செய்தி சொல்லுங்கள். பத்து நாளுக்குள்தானே இருக்கிறோம். இனிமேல் தண்ணீர் படலாம், அவளும் தலைக்குக் குளித்துவிடுவாள், தீட்டும் போய்விடும். இரண்டு, ஒரு சாஸ்திரச் சந்தேகம். பார்லரில் நஸ்ரின் அவள் தலையை இரண்டு முறை நன்றாக அலசியிருக்கிறாள். அப்போது வைத்தா போய்விட்டார், ஆனால் செய்தி வரவில்லை. அந்த அலசல் முழுக்குக் கணக்கில் சேருமா? வாத்தியாரிடம் பேர் சொல்லாமல் கேட்டு எழுதவும். செய்தியை மறைத்ததற்கு எனக்கு ஏதாவது பிராயச்சித்தம் உண்டானால், உப்புமா தவிர எதுவானாலும் செய்கிறேன்.

தங்கள் ஆசீர்வாதம் எங்களுக்கும் சாஹித்யாவுக்கும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். மன்னிக்கு என் நமஸ்காரம். அவரிடம் இதில் ஒரு வரியும் சொல்ல வேண்டாம்.

அடி பணியும் தம்பி,
பத்ரிநாராயணன்

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடியபோது விஜயா வந்து, "அண்ணாவுக்கா? வைத்தா விஷயமா?" என்றாள். நான் கவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "மன்னி வெள்ளிக்கிழமை காலம்பறவே போன் பண்ணி சொல்லிட்டா. தலைக்கு விட்டுண்டுதான் பார்லருக்கே வந்தேன். உங்ககிட்ட சொன்னா, நாள் சரியில்லைன்னு தள்ளிப் போட்டுடுவேள். அதான் சொல்லலை. அப்புறம் நீங்க ரெண்டு நாளா குடையும் கையுமா என் பின்னாடியே வந்தது நன்னா இருந்துது. அதனால அப்பவும் சொல்லலை" என்றாள். வெள்ளிக்கிழமையானதால் ஈரத்தலையைப் பார்த்தும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. போனும் வேண்டாம், வாத்தியாரும் வேண்டாம். முழங்கால் வலிக்கு இங்கே ஒரு பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று மன்னி சொல்லி, அடுத்த மாதம் ஹைதராபாத்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறீர்களாமே. முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறதாம் அண்ணா. மன்னிக்கு நஸ்ரினிடம் நாள் குறித்தாகிவிட்டது. கேட்டிருப்பது ஸ்பைரல்.