நின்றுபோகும் காரை நிறுத்திவைத்து ஆராய்ந்த வரலாறு

எங்கள் அலுவலகத்துக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு கார் உண்டு. ஓடும்போது நன்றாக ஓடும். சிக்னலில் நிறுத்தினால் நாலு தடவை இருமிவிட்டு அணைந்துபோகும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் எதுவும் செய்யவில்லை. ஒருநாள் மேலதிகாரி உள்ளே இருக்கும்போதே நடுச்சந்தியில் அணைந்துவிட, பின்னால் வந்த லாரிக்காரன் அவருடைய பரம்பரையையே விசாரித்துவிட்டான். அன்று மாலையே ஐவர் ஆய்வுக் குழு அமைந்தது. குறிப்பெழுதும் பாக்கியம் எழுத்தரான எனக்கு.

டிரைவர் அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப்போய், பானெட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டார். ஏர் ஃபில்டரிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயின் அடியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். தள்ளாடிய எஞ்சின் சாதுவாக ஓடியது. கையை எடுத்தார், அணைந்தது.

"இவ்வளவுதான் தம்பி. குழாயை மாத்தினா போதும். இல்லேன்னா எனக்கு ஓட்டத் தெரியலைன்னு கிளை ஆபீசுக்குத் தூக்கி அடிச்சிடுவாங்க. உங்க அண்ணிக்கு வாரம் மூணு நாள் ஆஸ்பத்திரி. அந்த ஊர்ல ஆஸ்பத்திரியே கிடையாது."

எனக்கு மனசு கேட்கவில்லை. குழுத் தலைவரிடம் சொன்னேன். டிரைவருக்கு வண்டியை ஓட்டத்தான் அனுமதி, கோளாறைக் கண்டுபிடிக்க அனுமதியில்லை என்று அவர் அன்போடு விளக்கினார்.

எப்போதோ ஓர் அதிகாரியின் டை விசிறியில் சிக்கியதிலிருந்து, எஞ்சின் ஓடும்போது பானெட்டைத் திறக்கக் கூடாது என்பது விதி. ஆகவே அணைத்துவிட்டுத் திறந்தார்கள். ஐந்து பேரும் குனிந்து காதைக் கொடுத்தார்கள். 'அசாதாரண ஒலி ஏதுமில்லை' என்று எழுதச் சொன்னார்கள். 'ஆய்வு நேரத்தில் எஞ்சின் ஒருமுறைகூட அணைந்துபோகவில்லை' என்பதையும் சேர்த்தேன். உண்மைதானே.

இப்போது எதையும் கம்ப்யூட்டர் வைத்துப் பார்ப்பதுதான் நாகரிகம். அதற்கும் ஒரு நிபுணர் வந்தார். அவருடைய கருவியைச் செருக இந்தப் பழைய காரில் இடமே இல்லை. பின்சீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, கோளாறு எதுவும் பதிவாகவில்லை என்று சான்றளித்தார்.

காரில் கோளாறு இல்லை. எனவே கோளாறு டிரைவரிடம். மாற்றல் உத்தரவு தட்டச்சுக்குப் போய்விட்டது. அண்ணன் பாவம், பொறுக்கமாட்டாமல் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வெடிப்பின்மேல் இறுக்கிக் கட்டிவிட்டார். கார் எல்லா சிக்னலிலும் அம்சமாக நின்று உறுமியது. அவ்வளவுதான், முன்னனுமதியின்றி வாகனத்தைக் குணப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. டியூப் அவிழ்க்கப்பட்டு, சான்றுப்பொருள் எண் ஒன்றாக என் மேசை டிராயருக்கு வந்து சேர்ந்தது.

அவரைக் காப்பாற்ற நானும் மூளையைக் கசக்கி ஒரு குறிப்பு எழுதினேன்: 'டிரைவர் குறையற்றவர். வாகனத்துக்குத் தேவை, அவ்வப்போது பின்னாலிருந்து சிறு மனித உதவி.' குழு நெகிழ்ந்துபோனது. மாற்றல் ரத்தானது. வண்டி தள்ளும் பிரிவு என்று ஆறு புதிய பணியிடங்கள் உருவாகின. குழுவிலிருந்த ஐவரின் மைத்துனர்கள் ஐந்து பேர் தகுதி அடிப்படையில் தேர்வானார்கள். ஆறாவது இடம், மேற்பார்வையாளர் பதவி, எனக்கு. தனி அறை, சுழல் நாற்காலி.

நேற்று டிரைவர் அண்ணன் வந்து என் மேசைக்கு எதிரே நின்றார். சிக்னலுக்கு சிக்னல் தள்ளித் தள்ளி ஆபீஸ் திரும்புவதற்குள் ஆஸ்பத்திரி நேரம் முடிந்துவிடுகிறதாம். இந்த வாரம் அண்ணியை ஒருநாள்கூடக் கூட்டிப்போக முடியவில்லை.

"அந்த டியூபைக் குடு தம்பி. ரெண்டே நிமிஷம், கட்டிடறேன்."

டிராயரைத் திறந்தேன். டியூப் அங்கேதான் இருந்தது. அதைக் கட்டினால் கார் ஓடும். கார் ஓடினால் ஆறு பேர் எதைத் தள்ளுவது?

டிராயரை மூடினேன்.

"எழுதிக் குடுங்கண்ணே," என்றேன். "குழுவில வச்சுப் பார்க்கிறோம்."