வாளி ராத்தாவின் பதினேழு புற்கள்

கல்முனையிலிருந்து நாவிதன்வெளி வரை எல்லோரும் களையைக் கொல்ல, அதற்கு வீடு கட்டிக் கொடுத்த ஒரே மனுஷி வாளி ராத்தாதான்.

கூலிக்குக் களை பிடுங்குவது அவர் தொழில். அறுவடை நேரத்தில், தன் கையைத் தப்பிய நெற்சப்பிப் புல் கதிரோடு நிற்பதைக் கண்டால், அதை முந்தானையில் முடிந்து வந்து முற்றத்தில் பழைய பெயின்ட் வாளியில் விதைப்பார். திருடனைத் தவறவிட்ட பொலிஸ்காரர் அவன் பிள்ளைகளை எடுத்து வளர்ப்பதுபோல. போகத்துக்கு ஒரு வாளி. நான் எண்ணியபோது பதினேழு.

"ஏன்கா, என்ட வயல்ல புடுங்கச் சொன்னா உன்ட வாசல்ல நடுறாய்?" என்று வயல்காரப் போடியார் கேட்டார்.

"உங்கட வயல்ல என்ன வளருதெண்டு உங்களுக்குத் தெரியாது போடியார். எனக்குத் தெரியும்."

ஒருமுறை பக்கத்து வீட்டு ஆடு ஒரு வாளியை மேய்ந்துவிட்டது. ராத்தா சண்டை பிடிக்கவில்லை. "ஆட்டக் கட்டிப் போடுங்க. புழுக்கையில விதை வரும்" என்று மூன்று நாள் அதன் பின்னால் குந்தியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள், பல்கலைக்கழகம் போனவள் நான். இயற்கைத் தேர்வைப் பற்றி இறுதி வருட ஆய்வு செய்ய வேண்டியிருந்தது. தூரத்துத் தீவுகளின் பறவை அலகுகள் எனக்கு மனப்பாடம். ஆனால் ஆய்வுக்கு ஒன்றும் கிடைக்காமல் ராத்தாவின் வாசலில் போய் நின்றேன்.

"இஞ்ச பாரு புள்ள. முதல் வாளியில புல்லுட அடிக்கால் செவப்பு. செவப்பெல்லாம் கண்ணுல பட்டு என்ட கையில அம்புட்டுச் செத்துட்டு. இது பச்சைக் கால், நெல்லப் போல நிக்கிது. இந்த வாளிப் புல்லு களைமருந்துக்கும் சாகாது. அந்தா, அது அறுக்க முதலே விதையக் கொட்டிரும்."

"நெல்லப் போல நிக்க ஆரு சொல்லிக் குடுத்த?"

"ஒருத்தரும் இல்ல. அம்புடாதது விதை போட்டிச்சி. அவ்வளவுதான்."

ஒரே புல், ஒரே வயல். தப்பிய வழிக்கு ஒரு வகை. நான் படித்த அத்தியாயம் முழுவதும் அந்த முற்றத்தில் நின்றது. ஆய்வுக்கு நல்ல புள்ளி கிடைத்தது. வாளிகளை "சேகரித்த மாதிரிகள்" என்று எழுதினேன். நன்றிப் பக்கத்தில் ஆய்வுகூடத்துக் காவலாளிகூட இருந்தார், ராத்தா இல்லை. அக்கா என்ற பொருளில் எல்லோரும் ராத்தா என்றோம்; அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். ஒரு களை பிடுங்குகிறவரின் பெயர் என் ஆய்வுப் புத்தகத்தில் எதற்கு என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

புத்தகத்தைக் காட்டப் போனேன். ராத்தாவுக்கு எழுத்துத் தெரியாது.

"என்ட பேரப் போட்டியா புள்ள?"

"ஓம் ராத்தா."

"எது?"

என் விரல் பேராசிரியரின் பெயரில் போய் நின்றது. ராத்தா கையைச் சீலையில் துடைத்துவிட்டு, அந்த வரியைப் பட்டங்கள் உட்பட மெதுவாகத் தடவினார்.

"இவ்வளவு நீளமா?"

இரண்டு வருடம் அந்தக் கேள்வியோடு இருந்தேன். போன மாதம் போய் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நான் தடவினது ஆருட பேரு?"

"எங்கட பேராசிரியர்ர."

ராத்தா வாளிகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "அவரு எத்தின வாளி வெச்சிருக்காரு?" என்றார்.

"ஒண்டுமில்ல ராத்தா."

"சரி, இரி. தேத்தண்ணி ஊத்துறன்."

தேநீர் குடித்து முடித்த பிறகுதான் பெயரைக் கேட்கத் துணிவு வந்தது. மீராலெவ்வை அவ்வா உம்மா. இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு நாளை போகிறேன். இம்முறை அவருடைய விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பேன்.