ராசம் அக்காவின் முதல் மீன்

பொம், பொம். இன்று காலை ஒழுங்கையில் ஒரு ரப்பர் ஹோர்ன் கேட்க, தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினேன். மீன்காரர் இல்லை, ஐஸ்கிறீம்காரர். பாவம், அவரை நான் பார்த்த பார்வையில் பெட்டிக்குள் எல்லாம் உருகியிருக்கும்.

திருகோணமலைக் கரை முழுக்கத் தேடினாலும், மீனை விற்கமாட்டேன் என்று அடம்பிடித்த ஒரே மீன் வியாபாரி, ஹோர்ன் சத்தமே பெயராகிப்போன எங்கள் பொம்பொம்தான். விடியச் சல்லிக் கடற்கரையில் மீன் எடுத்து, சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டி, சாம்பல்தீவுக்குள்ளால் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். பெண்கள் சட்டியோடு ஓடிவருவார்கள். மனிதர் நிற்கமாட்டார்.

"அண்ணை, சூடை மீன் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"அப்ப நில்லுங்கோவன்."

"ஏலாது தங்கச்சி. முதல் யாவாரம் மலையடியில. ராசம் அக்காவின்ர கைராசி அப்பிடி. திரும்பி வரேக்க தாறன்."

"திரும்பி வரேக்க மீன் நாறுமே."

"நாறினா விலையைக் குறைப்பன்."

"விக்கமாட்டீங்களெண்டா ஹோர்னை ஏன் அடிக்கிறீங்கள்?"

"போறனெண்டு சொல்லிப்போட்டுப் போக வேண்டாமோ?"

மலையடி, சண்டைக் காலத்தில் சனம் விட்டோடி, பிறகு திரும்பாத ஊர். அதைப் பார்த்துவிட வேண்டுமென்று எனக்கொரு தவிப்பு. வழி கேட்டதற்கு, "அந்தப் பெட்டிக்குப் பின்னால போங்கோ, மணமே கூட்டிக்கொண்டு போகும்" என்றார்கள். மோட்டார் சைக்கிளை முதல் கியரில் உருட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

தார் முடிந்தது. பாலை மரங்கள், உடைந்த குளக்கட்டு, ஆவி அடங்காத யானை லத்தி. பிறகு வீடுகள். கூரையில்லாத குசினிக்குள், அடுப்பிருந்த இடத்தில், ஒரு விளாமரம் காய்த்து நின்றது. கதவில்லாத நிலைகளுக்குள்ளால் காற்று யாரையும் கேளாமல் வந்து போனது. ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தால், தூரத்தில் கடல் ஒரு செதில்போல மின்னியது.

ஒவ்வொரு வெறும் வீட்டு வாசலிலும் பொம்பொம் நின்று ஹோர்ன் அடித்தார்.

"இது கணக்கு வாத்தியார் வீடு. வெள்ளிக்கிழமையில வாங்காயினம். அங்கால வீட்டுக்காரி விலை கேட்டே ஆளைக் கொன்றுபோடுவா."

"அண்ணை, உண்மையா ராசி பாக்கிறனீங்களோ?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார். "என்ன ராசி? ராசம் அக்கா தனியத் திரும்பி வந்து இருக்கிறா. ஒவ்வொரு நாளும் ஹோர்ன் கேட்டா யானையும் கிட்ட வரக் கொஞ்சம் யோசிக்கும். அவவிட்ட சொல்லிப்போடாதேங்கோ."

ராசம் அக்காவுக்கு அறுபதுக்கு மேலிருக்கும். கண்ணில் வெண்படலம். விரலால் தடவித் தடவி மீனைத் தெரிந்தெடுத்தார். முற்றத்தில் பூனைகள் படுத்திருந்தன. ஆளில்லாத ஊரில் அவ்வளவு கொழுத்த பூனைகளை நான் கண்டதில்லை.

பொம்பொம் கிணற்றடிக்குப் போனதும் அக்கா குரலைத் தாழ்த்தினார். "தம்பி, எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் சொறியும். நான் வாங்காட்டி அந்த மனிசன்ர யாவாரம் படுத்திடும், அதுதான். அவரிட்ட சொல்லிப்போடாதேங்கோ."

இரண்டு ரகசியங்களையும் சுமந்துகொண்டு மலை இறங்கினேன். மீன் பெட்டி அதைவிடப் பாரம் குறைந்திருக்கும்.

பிறகும் பலமுறை போனேன். கடைசியாகப் போன அன்று முற்றத்தில் ஓட்டோ நின்றது. அக்காவின் மகள் வந்திருந்தாள். டவுனில் கண் ஒப்பரேசன்.

"பிறகு அம்மா எங்களோடதான். இந்தக் காட்டில விடேலாது" என்றாள் என்னிடம் மெதுவாக.

அக்காவுக்கு அது கேட்டுவிட்டது. "ஒப்பரேசன் முடிய வந்திடுவன்" என்றார், யாரையும் பாராமல்.

பொம்பொம் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடியும் திறந்தார்.

ஓட்டோவில் ஏறி உட்கார்ந்த அக்கா அவர் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "நான் வருமட்டும் கீழ ஆருக்காவது முதல் மீனைக் குடுங்கோ. யாவாரத்தை விட்டுடாதேங்கோ."

அவர் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அவசரமில்லை அக்கா, ஆறுதலா வாங்கோ. அதுமட்டும் உங்கட முதல் மீனை நான் கருவாடு போடுறன். அது பழுதாப்போகாது."