நீலத் தண்ணீரில் சுகப்பிரசவம்

காலை ஆறு ஐம்பது. இரண்டாம் மாடிக்குப் போகும் படிக்கட்டில் அதற்குள் நாற்பது கர்ப்பிணிகள். லிஃப்ட் ஓடவில்லை. மூளையும்தான்.

மாடியில் துளி ஐயா. கர்ப்பிணியின் முகத்தைப் பார்க்கமாட்டார், விரதமாம். கறுப்புத் திரையில் ஓர் ஓட்டை. அதில் விரல் நுனியை நீட்ட வேண்டும். ஒரு குத்து. ஒரு சொட்டு ரத்தம் நீலத் தண்ணீரில் விழும். மூழ்கினால் சுகப்பிரசவம். மிதந்தால் பரிகாரம். பரிகாரமும் அவரிடமே கிடைக்கும், வசதிக்கு.

வரிசையில் முன்னால் நின்றவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். வந்தது அண்ணனோடு, அண்ணிக்குத் துணையாக. அண்ணிக்கு எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் நூற்றறுபது. பாதம் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் புரதங்களை நேற்று இவளே அளந்தாள். அளவு மோசம். வலிப்பு வரலாம், உடனே சேருங்கள் என்றார் டாக்டர்.

“வரலாம்னுதானே சொன்னாங்க? போன தடவை ஐயா வரவே வராதுன்னுட்டாரே,” என்றாள் அண்ணி. “இன்னிக்கும் மூழ்கிட்டா ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்கக் கூடாது.”

வாக்குவாதம் செய்தால் அழுத்தம்தான் ஏறும். முறை வந்ததும் நாத்தனார் பக்கத்தில் நின்ற அண்ணனின் விரலைப் பிடித்து ஓட்டைக்குள் திணித்தாள்.

“ஏய், நான் எதுக்குடி?” அவன் கிசுகிசுத்தான்.

“சும்மா இருண்ணே.”

குத்து. சொட்டு.

“மூழ்கிடுச்சு தாயே!” என்றது திரை. “சுகப்பிரசவம். பெண் குழந்தை.”

நாத்தனார் திரையை இழுத்தாள். அந்தப் பக்கம் துளி ஐயா. இந்தப் பக்கம் மீசையோடு தாய்.

சிரிப்பு கீழ்ப்படி வரை இறங்கியது.

“சிசுவோட சக்தி தகப்பன் ரத்தத்துலயும்...” என்று ஆரம்பித்தார் ஐயா.

“இது மயில்துத்தத் தண்ணி, காப்பர் சல்பேட்,” என்றாள் நாத்தனார். “ரத்ததானம் பண்ண வர்றவங்களுக்கு ரத்தம் கெட்டியா இருக்கான்னு பார்க்கிறது. கெட்டியா இருந்தா யார் ரத்தமும் மூழ்கும். அண்ணி, உங்க வியாதி முத்தினாலும் ரத்தம் கெட்டியாகும். நல்லா மூழ்கும்.”

அண்ணி கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

“வண்டியைக் கூப்பிடுங்க,” என்றாள் கணவனிடம். அவன் விரலைச் சப்பிக்கொண்டே ஓடினான்.

அடுத்து நின்றவள் நகரவில்லை. விரலைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தாள். “வந்தது வந்துட்டேன். எனக்கு மட்டும் ஒரு தடவை பார்த்துட்டு...”

நாத்தனார் படியில் நின்று திரும்பினாள்.

“எங்க அண்ணனுக்கே சுகப்பிரசவம்னு சொன்னவர், உனக்கு என்னம்மா புதுசா கண்டுபிடிச்சுச் சொல்லப் போறார்?”