தூக்குறவன் நடக்கக் கூடாது

ஜிம்மில் சேர்ந்த இருபத்தோராம் நாள், இனி செத்தாலும் மீன் கூடை தூக்குவதில்லை என்று பாலகுரு சபதம் எடுத்தான்.

லேசுப்பட்ட சபதமா அது? அவன் ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர். பெண்டாட்டி அன்புசெல்வி மீன் விற்பவள். தினமும் தேங்காய்த்திட்டு துறைமுக ஏலத்தில் மீன் எடுத்து, சும்மாடு வைத்து, முப்பது கிலோவைத் தலையில் ஏற்றி நெல்லித்தோப்பு முழுக்கத் தெருத்தெருவாக நடப்பாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் இரட்டிப்பு. அன்றைக்கு இரண்டாவது கூடை புருஷன் தலையில். இருக்கிற ஒரே லீவும் நெத்திலி வாசனையோடு போனால் மனுஷன் என்னதான் செய்வான்?

வழி ஜிம்மிலேயே கிடைத்தது. யாரோ போட்டுவிட்டுப் போன பத்திரிகையில், ஓட்டமும் பளுவும் சேர்த்துச் செய்தால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்று இருந்தது. மீதிப் பக்கம் கிழிந்திருந்தது. மீதி யாருக்கு வேண்டும்?

"அன்பு, இனிமே கூடை தூக்க மாட்டேன். விஞ்ஞானம்."

"இன்னா விஞ்ஞானம்?"

"தூக்குறவன் நடக்கக் கூடாது. நடக்கிறவன் தூக்கக் கூடாது. ரெண்டையும் சேத்துச் செஞ்சா தசை கரைஞ்சிடும்."

சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டாள்.

"ஐயய்யோ! பன்னெண்டு வருசமா ரெண்டையும் சேத்துத்தானே செய்றேன்! அப்ப என் கதி?"

இதை அவன் யோசிக்கவே இல்லை. "ஒனக்கும் கரைஞ்சிதான் இருக்கும். வெளிய தெரியாது."

"நல்ல வேளை சொன்னீங்க. பங்கு போட்டுக்கலாம். நான் நடக்கிறேன். நீங்க தூக்குங்க."

பாலகுருவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜிம்மில் தூக்கத்தானே போகிறான்!

மறுநாள் திங்கட்கிழமை அன்புசெல்வி கூடையை மீன்பாடி வண்டியில் ஏற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்தாள். வீட்டில் ஒரு சொம்புகூட அவள் தூக்கவில்லை. வாசல் குழாயில் பன்னிரண்டு குடம் தண்ணீர், மாடிக்கு சிலிண்டர், ரேஷன் அரிசி மூட்டை எல்லாம் அவன் பங்கு.

"ஏங்க, பக்கத்து வீட்டு ஆயம்மா பீரோ நகத்தணுமாம். எங்க வீட்டுக்காரரு தூக்குற ஆளுதான்னு சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை அவனால் கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. ஜிம் மாஸ்டர் ஜானகிராமனிடம் ஓடினான்.

"மாஸ்டர், ரெண்டையும் சேத்துச் செஞ்சா நெசமாவே கெடுதலா?"

"அட, யார் சொன்னா? பெரிய போட்டிக்குப் போறவனுக்குத்தான் சட்டுனு பாயற பலம் கொஞ்சம் கொறையலாம். நம்மள மாதிரி ஆளுக்கு ரெட்டை லாபம் சார். தூக்குனா தசை தெம்பாவும், நடந்தா அதே தசை சீக்கிரம் களைக்காது. தாராளமா சேத்தே செய்யுங்க."

பாலகுரு வீட்டுக்குப் பறந்தான்.

"அன்பு! கரையாதாம்! ரெண்டும் செய்யலாமாம்! ஒன் குடத்தை நீயே தூக்கு!"

"அப்படியா! மாஸ்டரே சொன்னாரா?"

"சத்தியமா!"

"அப்ப ஞாயித்துக்கிழமை கூடையோட நடந்துடுங்க."

பாலகுரு சும்மாட்டுத் துணியைத் தேடப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது தெருவிலேயே அவனுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் போனவளைப் பார்த்தான். கழுத்து அசையவில்லை. நடை தளரவில்லை. அதே மூச்சில் "வஞ்சிரம், சங்கரா!" என்று கூவுகிறாள், மாடிப்படி ஏறுகிறாள், பேரம் பேசுகிறாள், சிரிக்கிறாள். இத்தனை நாள் கண்ணாடி முன்னால் முறுக்கிய தன் புஜத்தை நினைத்து அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

"அன்பு, நீ பெரிய ஆளுதான்டி," என்றான் மனசார.

"பேசாம வாங்க, மூச்சு வாங்குது பாருங்க."

அடுத்த வாசலில் மீன் வாங்கப் பாத்திரத்தோடு நின்றிருந்தார் ஜானகிராமன்.

"சார், அன்னிக்கு நான் சொன்னது வெளங்குச்சில்ல? நீங்க வந்து கேட்டா ரெண்டையும் சேத்துச் செய்யலாம்னு நல்லா பதமா எடுத்துச் சொல்லுங்கன்னு திங்கக்கிழமையே ஒங்க வீட்டம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க."