கீழ்த்தளத்தில் கொடுத்த கைலி

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து. தீவு நகரான ஜார்ஜ்டவுனில் ஓர் ஐந்து மாடி அரசு அலுவலகக் கட்டடத்தின் வாசலில் முப்பத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவர் எதிர்க்கரை ஊரான பிறையைச் சேர்ந்த உடை வடிவமைப்பாளர் ஜெகதீஸ்வரி.

அவரோடு ஒரு வெல்டிங் தொழிலாளி நின்றார், பின்னால் ஒரு ராஜா. ராஜாவுக்குப் பின்னால் ஒரு பேய். அதற்குப் பின்னால் அரைக்கால் சட்டை அணிந்த கடற்கரைத் தாதா, அவருடைய அடியாட்கள், இரண்டு கல்யாணப் பெண்கள், கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்த வங்கி மேலாளர் ஒருவர். தமிழ்த் திரை விருதின் உடையலங்காரப் பிரிவில் இறுதிச் சுற்றுக்கு வந்த ஐந்து படங்களின் பாத்திரங்கள் இவர்கள்.

இவர்கள் நேரில் வந்ததற்குக் காரணம் உண்டு. உடையலங்கார நடுவர் குழு படம் பார்ப்பதில்லை. இது சோம்பலால் வந்த பழக்கமன்று, நடுநிலைமையால் வந்தது. முன்பெல்லாம் படம் பார்த்த நடுவர்கள் கதையில் மூழ்கினார்கள், பாட்டுக்குத் தாளம் போட்டார்கள், ஒருவர் அழுதே விட்டார். கண்ணில் நீர் நிறைந்திருக்கும்போது கரை சரிகையா கண்ணாடி வேலையா என்று எப்படித் தெரியும்? ஆகவே, உடை நேரில் வரவேண்டும், உடுத்தியவரோடு வரவேண்டும், உடுத்தியவர் வாய் திறக்கக் கூடாது என்று குழு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

வெற்றி பெறுபவருக்கு நகரின் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் தையல்கூடம் ஓராண்டுக்கு இலவசம். மற்ற நால்வருக்கு அது கௌரவம். ஜெகதீஸ்வரிக்கு அது கூரை. பிறையில் அவர் குடியிருந்த அடுக்குமாடியில், தையல் எந்திரத்தின் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் புகார் செய்திருந்தார். மாதக் கடைசிக்குள் எந்திரம் வெளியேற வேண்டும். இல்லையென்றால் எந்திரமும் அவரும் சேர்ந்து வெளியேற வேண்டும்.

அவருடைய படம் ஒரு வெல்டிங் தொழிலாளியின் கதை. அந்தத் தொழிலாளியாக நடித்த குணாளனின் சட்டையிலும் சிலுவார் என்னும் கால்சட்டையிலும் தீப்பொறி பட்ட ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஜெகதீஸ்வரியே ஊதுவத்தியால் சுட்டு வைத்திருந்தார். ஒவ்வோர் ஓட்டைக்கும் படத்தில் ஒரு காட்சி உண்டு. முழங்காலில் இருந்த பெரிய ஓட்டைதான் இடைவேளை.

கவுண்டரில் இருந்த காவலாளி மோகனராஜ் அந்த இடைவேளையைக் குனிந்து பார்த்தார். பிறகு சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். எவையெவை அணிந்தால் கட்டடத்துக்குள் வரக்கூடாது என்று அதில் படம் போட்டிருந்தது.

"தங்கச்சி, முழங்கால் தெரியுது."

"அண்ணே, அது டிசைன்ணே."

"டிசைன் அஞ்சாவது மாடி. முழங்கால் இங்க."

குணாளன் குறுக்கிட்டார். "அண்ணே, நான் நடிகன் லா. இது என் சொந்த சிலுவார்கூட இல்ல."

"சிலுவார் யாரோடதுன்னு நான் கேட்டனா தம்பி? முழங்கால் உன்னோடதுதானே?"

மோகனராஜ் மேசைக்கு அடியிலிருந்து நீலக் கட்டம் போட்ட கைலி ஒன்றையும், பழுப்பு நிற முழுக்கைச் சட்டை ஒன்றையும் எடுத்து நீட்டினார். தகாத உடையில் வரும் பொதுமக்களுக்கு இரவல் கொடுக்க நிர்வாகம் வாங்கி வைத்தவை அவை. கட்டடத்தில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் கைலிக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அடுத்து ராஜா. வெற்று மார்பு, முத்து மாலை, தொடைவரை தூக்கிக் கட்டிய பட்டு.

"ராஜாவுக்குமா அண்ணே?" என்றார் அவரைக் கூட்டி வந்தவர்.

"ராஜான்னா கார் நிறுத்துற இடத்துல இருந்து லிப்ட்ல நேரா மேல போயிருப்பாரு. இந்த வாசல்ல வந்தா பொதுமக்கள்தான்."

பேய்க்கு வேறு சிக்கல். அது தலையிலிருந்து தரைவரை வெள்ளையால் மூடியிருந்தது, ஆனால் வெறுங்கால்.

"ஷூ எங்க?"

"பேய்க்குக் கால் கிடையாதுண்ணே."

"கால் இல்லன்னா ஷூ வேணாம், உள்ள போகலாம். அந்தா, கால் இருக்குதே?"

பேய் தன் பாதங்களைப் பார்த்துக் கொண்டது. பிறகு இரவல் ஷூ வாங்கியது. ஷூ வாங்கியதைப் பார்த்த மோகனராஜ், எதற்கும் இருக்கட்டும் என்று கைலியும் சட்டையும் கொடுத்தார். கல்யாணப் பெண்களுக்கு முதுகு தெரிந்தது. தாதாவிடம் தெரியாத பகுதியே குறைவு. வங்கி மேலாளரை மட்டும் மோகனராஜ் எழுந்து நின்று வணங்கி உள்ளே அனுப்பினார்.

ஐந்தாம் மாடியில் மூன்று நடுவர்கள் காத்திருந்தார்கள். தலைவர் குமரப்பன் நிதி நிறுவனம் நடத்துபவர். எந்தப் படத்தையும் பார்க்காதவர் என்பதால் அவருடைய நடுநிலைமை ஊரறிந்தது. அலமேலு ஆடை ஆலோசகர். அவர் கைப்பேசியில் ஒரு சேலையைப் பாராட்டினால் மறுநாள் அது கடையில் இருக்காது. செயலாளர் சிவநேசன் ஓய்வுபெற்ற அதிகாரி. ஓய்வு பெற்றதை அவர் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

கதவு திறந்தது. நீலக் கட்டக் கைலியும் பழுப்புச் சட்டையுமாகப் பாத்திரங்கள் வரிசையாக உள்ளே வந்தார்கள்.

"ஆகா, செடொண்டோன்!" என்றார் அலமேலு. கல்யாண வீட்டில் குடும்பமே ஒரே நிறத்தில் உடுத்தி நிற்பதற்கு இங்கே அதுதான் பெயர். "அஞ்சு படமும் ஒரே சிந்தனை! ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே எப்படி இதைச் செஞ்சாங்க?"

"காலத்தின் குரல்," என்றார் குமரப்பன்.

"குரல் என்று குறித்துக் கொள்கிறேன்," என்றார் சிவநேசன்.

ஆய்வு மூன்று மணி நேரம் நடந்தது. ராஜாவின் கைலியில் அரச கம்பீரம் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. பேயின் கைலி தரையைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. மரணத்துக்குப் பிந்தைய நிலையை இதைவிட நுட்பமாகச் சொல்ல முடியாது என்றார் அலமேலு. தாதாவின் கைலி அவர் மனம் திருந்தியதைக் காட்டியது. படத்தில் அவர் திருந்தவில்லை. ஆனால் நடுவர்கள் படம் பார்க்கவில்லை.

குமரப்பனின் விரல் வங்கி மேலாளரிடம் வந்து நின்றது. "இவர் யார்? மொத்த அழகையும் கெடுத்துக்கிட்டு?"

"வடிவமைப்பாளரின் கவனக்குறைவு, தலைவரே," என்றார் சிவநேசன். அந்தப் படத்துக்கு ஐந்து மதிப்பெண் குறைந்தது.

ஜெகதீஸ்வரியால் பொறுக்க முடியவில்லை. "ஐயா, இந்தக் கைலி நாங்க கொண்டு வந்தது இல்லீங்க. கீழ கவுண்டர்ல கொடுத்தாங்க. என் டிசைன் உள்ள இருக்கு."

குமரப்பனின் முகம் கனிந்தது. "பணிவு வேண்டியதுதான்மா. அதுக்காக இவ்வளவு பணிவா?"

"பணிவு இல்லீங்க ஐயா, நிஜம். குணா, கைலியைத் தூக்கிக் காட்டு."

"அக்கா, இங்கயா?"

"காட்டுடா. என் வீடே போகப் போகுது."

குணாளன் காட்டினார். இடைவேளை வெளியே தெரிந்தது. அலமேலு கண்ணை மூடிக் கொண்டார். நடுவர் முன்னிலையில் ஆடை உயர்த்தியது, கிழிந்த உடையை நல்ல உடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தது என்னும் இரண்டு குற்றங்களுக்காக ஜெகதீஸ்வரியின் படம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

மீதி மூன்று படங்கள் ஒரே மதிப்பெண்ணில் நின்றன. விருதைப் பங்கு போட விதியில் இடமில்லை. அப்போதுதான் சிவநேசன் தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, அந்தப் பெண் சொன்னது விசாரிக்கத் தக்கது. உடை கீழ்த்தளத்தில்தான் வழங்கப்பட்டது என்றால், வடிவமைத்தவர் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார்."

மோகனராஜ் பணியிடத்தை விட்டு மேலே வர மறுத்ததால் குழு கீழே இறங்கியது. காலையில் லிப்ட் வழியாக மேலே போயிருந்த அலமேலுவை அவர் அப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார். கையில்லா ரவிக்கையைக் கண்டதும் ஒரு பழுப்புச் சட்டையை நீட்டினார். அலமேலு அதை விருது போல இரு கையாலும் வாங்கி அணிந்து, அங்கேயே நின்று கைப்பேசியில் தன்னைப் படம் எடுத்துக் கொண்டார்.

"எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூடத் தெரியாதுங்க," என்றார் மோகனராஜ்.

"நூல் கோப்பது தையல்காரர் வேலை," என்றார் குமரப்பன். "டிசைன் என்றால் முடிவெடுப்பது. யார் எதை உடுத்தணும்னு இன்னிக்கு முடிவெடுத்தது யாரு?"

"நான்தான்."

"வேற யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"சொன்னாங்க. நான் கேட்கல."

"அதான் பெரிய கலைஞனோட அடையாளம்."

இப்படியாக மோகனராஜுக்கு விருதும் தையல்கூடமும் கிடைத்தன. மாதக் கடைசியில் ஜெகதீஸ்வரி எந்திரத்தை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது, மோகனராஜே கைப்பேசியில் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இடம் சும்மாதான் கிடக்குது. வந்து போட்டுக்க. பேர் என்னோடது, மெஷின் உன்னோடது. கைலிக்கு மட்டும் ஓரம் அடிச்சுக் கொடு."

"கைலிக்கு எதுக்குண்ணே ஓரம்?"

"ஆர்டர் வந்திருக்கு மா."

வந்திருந்தது. அலமேலு கைப்பேசியில் வெளியிட்ட அந்தப் படத்தைப் பார்த்த ஊர், முதலில் சிரித்தது, பிறகு எங்கே கிடைக்கும் என்று கேட்டது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைத் துணிக்கடைகளில் நீலக் கட்டம் தீர்ந்துபோனது. சிம்பாங் அம்பாட்டில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேட்டி என்ற பேச்சையே எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாளிதழ்கள் இதை அடையாள மீட்பு என்று எழுதின. யாருடைய அடையாளம் என்று எழுத இடம் போதவில்லை. படம் எடுப்பவர்கள் இனி கவுண்டர்வரை காத்திருப்பானேன் என்று முதல் காட்சியிலேயே கைலியை உடுத்திவிட்டார்கள். ஜெகதீஸ்வரி ஒரே ஒருமுறை மறுத்துப் பார்த்தார். நடுவர்கள் கதை பார்ப்பதில்லை, கைலியைத்தான் பார்ப்பார்கள் என்று தயாரிப்பாளர் சொன்னார். அதற்குப் பிறகு அவர் மறுக்கவில்லை.

2026 மார்ச் 14, சனிக்கிழமை, சிறந்த உடையலங்காரத்துக்கான விருது, நீச்சல் வீராங்கனைகளைப் பற்றிய படத்துக்காக ஜெகதீஸ்வரிக்கு வழங்கப்பட்டது. அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. கைலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் யாரும் கைதட்டவில்லை.